கதை மாந்தரை வளர்த்த கல்கி

அரியலூரிலிருந்து தெற்கே திருவையாறு நோக்கிச் செல்லும் பெருவழியில் கீழப்பழுவூர் என்னும் ஊர் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் திருக்கோயில் அவ்வூரில் விளங்குகின்றது. அதற்கு மேற்கே மேலப்பழுவூரும், அதனையடுத்துக் கீழையூரும் இருக்கின்றன. கீழையூரில் ஒரே திருமதிலுக்குள் இரண்டு கற்றளிகள் அருகருகே நிற்கின்றன. அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் அக்கோயில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர் என்னும் குறுநில மன்னர் எடுப்பித்ததாகும். குமரன் கண்டன், குமரன் மறவன், மறவன் கண்டன் எனப் பழுவேட்டரையர் பலருடைய பெயர்கள் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. அவர்கள் கோயில்களுக்கு அறக்கொடை வழங்கினர். சோழர்க்குத் துணையாக நின்று போர் புரிந்தனர். சோழ வேந்தர்க்குப் பெண் கொடுத்து உறவு பூண்டனர். கல்வெட்டுகளால் அறியப்படுவன ஏறக்குறைய இவ்வளவே. அவர்களுள் ஒருவர் எதனை விரும்பினார், எப்பொழுது சினந்தார், எதனை எண்ணி வருந்தினார் என்பனவற்றைக் கல் கூறுவதில்லை.

இங்ஙனம் கல்லில் பெயரளவாய் நின்ற ஒரு குடியினரைத் தமிழ் மக்கள் தம் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து, நேரில் பழகியவர்களைப்போல் பேசும்படி செய்தவர் ஒருவர் உண்டு. அவரே கல்கி என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற இரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். கதையில் வரும் ஒருவன் தொடக்கத்தில் ஒருவிதமாகவும் முடிவில் வேறுவிதமாகவும் இருக்கலாம். அந்த மாறுதலைப் படிப்பவர் நம்புமாறு எழுதுவதுதான் அரிய செயல். அச்செயலில் கல்கி எங்ஙனம் தேர்ச்சி பெற்றார் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறு காட்டுகின்றது.

கல்கி 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர், தாயார் தையல்நாயகி. தந்தையார் ஊர்க் கணக்கராகப் பணி புரிந்தவர். ஊர்க் கணக்கர் வீட்டிற்கு நிலம் உடையவரும் வருவர். குத்தகைக்கு உழுபவரும் வருவர். கடனில் நிலத்தை இழந்தவரும் வருவர். நேற்றுச் செருக்கோடு பேசியவர் இன்று தலை குனிந்து நிற்பதை அத்தகைய வீட்டுச் சிறுவன் இளமையிலேயே காண்கின்றான். புத்தமங்கலத்திற்கு வடக்கே நெடுந்தொலைவு செல்லாமலே கொள்ளிடப் பேராறு எதிர்ப்படும். அதன் அகன்ற மணற்பரப்பும், நாணல் அடர்ந்த படுகைகளும், பெருவெள்ளமும் பின்னாளில் அவர் கதைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன.

ஊரிலும் மயிலாடுதுறையிலும் பயின்ற பின்னர், கிருஷ்ணமூர்த்தி திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் இன்றுள்ள மாவட்டமாக அமைந்தது 2007இல். ஆகவே, பிற்காலத்தில் தாம் கதையில் எழுதப்போகும் பழுவூரைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தின் தலைநகரிலேயே அவர் மாணவராக வாழ்ந்தார் எனலாம்.

1921ஆம் ஆண்டு பள்ளியிறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்திற்கு நாட்டு மக்களை அழைத்தார். ஏழைக் குடும்பத்து மாணவனுக்குத் தேர்வு என்பது வேலை. வேலை என்பது வீட்டில் எரியும் அடுப்பு. அதனை அறிந்திருந்தும் கிருஷ்ணமூர்த்தி பள்ளியைத் துறந்து இயக்கத்தில் சேர்ந்தார். 1922இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையில் இருந்தபோது விமலா என்னும் கதையை எழுதினார். தம் வாழ்வையே ஒரு முடிவு திசைமாற்றிவிடுவதை அவ்விளைஞர் தம்மிடத்திலேயே கண்டார். அம்முடிவுக்குப் பின்னே நாட்டின் நிலையும், அடிகளின் அழைப்பும், அவருடைய இயல்பும் ஒருங்கே நின்றன. காரணம் ஒன்றும் இல்லாமல் மனிதன் மாறுவதில்லை என்பதை அவர் நூலில் கற்பதற்கு முன்னரே வாழ்வில் கற்றார்.

சிறையிலிருந்து வெளிவந்த பின்னர், 1923இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியரானார். தமிழ் உரைநடையைத் தெளிவும் இனிமையும் உடையதாக்கிய அப்பெரியாரிடம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்தமை அவர்க்குப் பெரும் பயிற்சியாயிற்று. அதன்பின், திருச்செங்கோட்டிற்கு அருகில் இராஜாஜி அமைத்திருந்த காந்தி ஆசிரமத்திற்குச் சென்று தங்கினார். அங்கிருந்து மதுவிலக்கைப் பரப்புவதற்கென விமோசனம் என்னும் இதழ் வெளிவந்தது. அதனை நடத்துவதில் இராஜாஜிக்குத் துணையாக இருந்ததோடு, கதைகளும் எழுதினார்.

மதுவிலக்குக் கதை எழுதுவது எளிது போலத் தோன்றும். குடியன் ஒருவன் அறிவுரை கேட்டான், மறுநாளே திருந்தினான் என்று எழுதிவிடலாம். ஆனால், அக்கதையைப் படிக்கக் கேட்கும் சிற்றூர்ப் பெண்ணொருத்தி அதனை நம்புவாளா? அவள் கணவன் எத்தனை முறை சத்தியம் செய்தான், எத்தனை முறை அதனை மீறினான் என்பதை அவள் அறிவாள். பழக்கத்தின் வலிமையைக் காட்டாமல் திருந்தியதை மட்டும் காட்டும் கதை, படிப்பவர் உள்ளத்தில் தங்குவதில்லை. அறம் கூற வந்த கதை பொய்யாகத் தோன்றினால், அது கூறவந்த அறமும் பொய்யாகத் தோன்றிவிடும். நல்லன எழுத விரும்புவோர் முதலில் உள்ளதை உள்ளவாறு எழுதப் பழகுதல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

1931இல் கல்கி மீண்டும் சிறை சென்று திரும்பினார். பின்னர் ஆனந்த விகடன் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அவ்விதழில் 1937இல் அவர் எழுதிய தொடர்கதை கள்வனின் காதலி. கொள்ளிடக் கரையிலுள்ள பூங்குளம் என்னும் ஊரில் கதை தொடங்குகின்றது. அதன் தலைவனாகிய முத்தையன் பிறவிக் கள்வன் அல்லன். தங்கையிடம் பேரன்பு கொண்டவன். தான் விரும்பிய பெண்ணை மணக்கப் பொருளின்மையால் இயலாது போனவன். பிழைப்புக்காக வேலை தேடி ஊரைவிட்டுச் சென்றவன். வேலைக்கு அமர்ந்த இடத்தில் தன் தங்கைக்குத் தீங்கு செய்ய முற்பட்டவனை அவன் அடித்துவிடுகின்றான். அதன் விளைவாகப் பொய்யான திருட்டுக் குற்றம் அவன்மேல் சுமத்தப்படுகின்றது. காவலிலிருந்து தப்பிக் கொள்ளிடப் படுகைக் காட்டில் ஒளிகின்றான். பசிக்காகத் தொடங்கிய செயல் பழக்கமாகின்றது, பழக்கம் பெயராகின்றது, ஊரார் இட்ட கள்வன் என்னும் பெயருக்கு ஏற்றவாறே அவனும் நடக்கின்றான். ஒவ்வொரு படியும் சிறியது. எப்படியில் நின்று பார்த்தாலும், அடுத்த படியில் அவன் கால் வைப்பது இயல்பாகவே தோன்றுகின்றது. கள்வனான பின்னும் தங்கையிடம் அவன் கொண்ட அன்பு குறைவதில்லை. அதனாலன்றோ, அவன் உயிரிழக்கும்போது படிப்பவர் கண்கலங்குகின்றனர்!

1941இல் கல்கி விகடனை விட்டு நீங்கி, மூன்றாம் முறையாகச் சிறை சென்றார். விடுதலை பெற்றபின், அதே ஆண்டில் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து தம் புனைபெயரையே தாங்கிய கல்கி வார இதழைத் தொடங்கினார். இதழ் தொடங்கப் பொருள் வேண்டியிருந்தது. இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி என்னும் திரைப்படத்தில் நடித்துப் பெற்ற ஊதியத்தை அதற்கு அளித்தார். அவ்விதழில் பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், அலை ஓசை ஆகிய நெடுங்கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. மாமல்லபுரக் கடற்கரையில் இரசிகமணி டி. கே. சி. அவர்களுடன் இருந்தபொழுது அக்கதையின் கரு தம் உள்ளத்தில் தோன்றியதாகக் கல்கி குறித்துள்ளார். சிவகாமி என்னும் நடனமணி பகைவரால் வாதாபிக்குக் கொண்டு செல்லப்படுகின்றாள். தன்னை மறைவாக மீட்க வந்த மாமல்லனுடன் செல்ல மறுத்து, அந்நகரை அழித்த பின்னரே அங்கிருந்து புறப்படுவதாகச் சூளுரைக்கின்றாள். ஆண்டுகள் பல கழிந்து சூளுரை நிறைவேறுகின்றது. ஆனால், கடந்த ஆண்டுகளை மீட்க இயலாது. மாமல்லன் அரசன், அவனுக்கு மனைவியும் மக்களும் உள்ளனர். வெற்றி பெற்ற நாளே அவள் தன் இழப்பை உணரும் நாளாகின்றது. முடிவில் தன் கலையை இறைவனுக்கே உரியதாக்குகின்றாள். காலம் ஒருவரை எங்ஙனம் மாற்றுகின்றது என்பதனை இக்கதை காட்டுகின்றது.

1950ஆம் ஆண்டு அக்டோபரில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் அது வெளிவந்தது. ஐந்து பாகங்களைக் கொண்ட அப்பெருங்கதைக்கு ஓவியர் மணியம் படங்கள் வரைந்தார். அதன் களத்தை அமைப்பதற்கு, நீலகண்ட சாஸ்திரியார் 1935லும் 1937லும் வெளியிட்ட சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தார் 1949இல் வெளியிடத் தொடங்கிய பிற்காலச் சோழர் சரித்திரமும் போன்ற ஆராய்ச்சி நூல்கள் அந்நாளில் கிடைத்தன. அந்நூல்கள் தந்த பெயர்களுக்குக் கல்கி உள்ளம் தந்தார்.

அவ்வாறு உள்ளம் பெற்றவருள் தலைசிறந்தவர் பெரிய பழுவேட்டரையர். கதையின் தொடக்கத்தில் அவர் சோழ நாட்டின் தனாதிகாரி. போர்களில் பெற்ற அறுபத்து நான்கு விழுப்புண்களை மார்பிலும் தோளிலும் தாங்கியவர். முதுமையில் நந்தினி என்னும் இளம்பெண்ணை மணந்துகொண்டு, அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவராக இருக்கின்றார். தம்பி சின்னப் பழுவேட்டரையர் எச்சரித்தும் கேட்பதில்லை. மதுராந்தகனை அரியணையில் ஏற்றக் குறுநில மன்னரைத் திரட்டி மறைவாகச் சூழ்ச்சி செய்கின்றார். படிப்பவர் முதலில் அவரை வெறுக்கின்றனர்.

எனினும், கல்கி அவரை வெறும் தீயவராக விட்டுவிடவில்லை. கண்டராதித்தர் மகனாகிய மதுராந்தகனுக்கு அரசுரிமை உண்டென்று பழுவேட்டரையர் மெய்யாகவே நம்புகின்றார். சோழர் குலத்திற்காகத் தம் முன்னோர் குருதி சிந்தியதை நினைந்து பெருமிதம் கொள்கின்றார். இவ்விரண்டும் தொடக்கத்திலேயே காட்டப்படுகின்றன. பின்னர் வரப்போகும் மாறுதலுக்கு வித்து இங்கேயே இடப்பட்டுள்ளது.

புயல் வீசும் ஒரு வேளையில் அவர் கொள்ளிடத்தைக் கடக்கின்றார். படகு கவிழ்கின்றது. தேரும் பல்லக்கும் ஏவலரும் சூழ வாழ்ந்த அம்முதியவர் வெள்ளத்தில் தனியே தத்தளித்துக் கரை சேர்கின்றார். பின்பு திருப்புறம்பயம் பள்ளிப்படைக்கு அருகில் பாண்டிய நாட்டுச் சதிகாரர் பேசுவதைக் கேட்க நேர்கின்றது. தாம் நம்பியவள் சோழர் குலத்தை அழிக்க வந்தவள் என்றும், தம் பொக்கிஷமும் செல்வாக்கும் அதற்கே பயன்பட்டன என்றும் அறிகின்றார். அதுவரை பிறர் கூறியபோது ஏலாத உண்மையைத் தம் செவியாலேயே கேட்டபின் ஏற்கின்றார். அன்றுமுதல் பிழையைத் திருத்த முயல்கின்றார். இயலாதபோது, தம் குற்றத்தை மறைக்காமல் ஏற்றுத் தம் உயிரையே கொடுக்கின்றார்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. மாறிய பின்னும் அவர் பழைய பழுவேட்டரையரே. தம் பிழையைக் காணவொட்டாமல் அவர் கண்ணை மறைத்தது பெருமிதம். பிழையை உணர்ந்தபின் தம்மையே மன்னிக்கவொட்டாமல் தடுத்ததும் அதே பெருமிதம். பண்பு ஒன்றே, அது நோக்கிய திசைதான் வேறு. வந்தியத்தேவனிடத்தும் இதனைக் காணலாம். எண்ணாமல் பேசி இடர்களில் சிக்கும் இளைஞனாக அவன் கதையில் புகுகின்றான். அடுத்தடுத்துப் பட்ட துன்பங்களால் நாவை அடக்கவும், பிறர் துயரை உணரவும் கற்கின்றான். ஆயினும், அவனுடைய நகைச்சுவையும் துணிவும் அவனை விட்டு நீங்குவதில்லை. ஒருவனுடைய பழைய இயல்பை முற்றிலும் அழித்துவிட்டுப் புதியதொன்றை வைத்தால், அது வளர்ச்சி ஆகாது. ஒருவனை நீக்கிவிட்டு வேறொருவனைக் கொண்டுவந்து நிறுத்தியதாகும்.

இது தமிழ் மரபுக்குப் புதிதன்று. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலிலும் செயலிலும் வெளிப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று வகுத்தார். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குச் செல்லும் வழியிலேயே தன் பிழையை நினைந்து மனைவிக்காக இரங்குகின்றான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அளவில், பாண்டியன் தன் தீர்ப்பின் பிழையை உணர்ந்து உயிர் துறக்கின்றான். நீதியே தன் உயிர் என்று வாழ்ந்தவனாதலால் அம்முடிவு நம்பத்தக்கதாகின்றது. பெரிய பழுவேட்டரையரின் முடிவைப் படிப்பவர்க்கு அப்பாண்டியன் நினைவு வருதல் இயல்பே.

நிற்க, வரலாற்றில் வாழ்ந்த ஒரு குடியினரைச் சூழ்ச்சிக்காரராகக் காட்டுவது முறையோ என்னும் வினா எழலாம். நந்தினி கற்பனைப் பாத்திரம். பழுவேட்டரையர் செய்ததாகக் கூறும் சூழ்ச்சியும் கற்பனையே. ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றவாளிகளாகச் சோமன், இரவிதாசன் முதலியோர் பெயர்களைக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு கூறுகின்றது. பழுவேட்டரையரை அது குறிக்கவில்லை. முதலாம் இராசராசன் காலத்தும் பழுவேட்டரையர் சோழர்க்கு அடங்கிய சிற்றரசராய் மதிப்புடன் வாழ்ந்தமை கல்வெட்டுகளால் தெரிகின்றது. ஆகவே, மாணவர் கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் கொள்ளல் வேண்டும். பெரிய பழுவேட்டரையரை இழிந்தவராக விடாமல், பிழை உணர்ந்து உயர்ந்தவராக முடித்தமையால், கற்பனையிலும் கல்கி அக்குடிக்கு நேர்மை செய்தார் என்று கொள்ளலாம்.

கல்கியின் எழுத்தைக் குறை கூறியவரும் இருந்தனர். அவர் பொதுமக்களின் சுவைக்காக எழுதுகின்றார், கதை நிகழ்ச்சிகளில் தற்செயல் மிகுகின்றது என்று அக்கால எழுத்தாளர் சிலர் கருதினர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. வாரந்தோறும் படிப்பவரைக் காத்திருக்கச் செய்யவேண்டிய தொடர்கதைக்குத் திருப்பங்கள் தேவைப்பட்டன. ஆயினும், திருப்பங்களைப் படித்தவர் மறந்திருக்கலாம், மாந்தரை மறக்கவில்லை. பொன்னியின் செல்வன் முடிந்தபோது, இன்னின்னார் பின்பு என்ன ஆயினர் என்று வாசகர் பலர் கேட்டனர். கல்கி முடிவுரை எழுதி அவர்களுக்கு விடை கூறவேண்டியதாயிற்று. கதை முடிந்தபின்னும் கதை மாந்தர் வாழ்ந்துகொண்டிருப்பதாகப் படிப்பவர் எண்ணுவதைவிடப் பெரிய பரிசு எழுத்தாளருக்கு ஏது?

அவ்வாண்டிலேயே, 1954 டிசம்பர் 5ஆம் நாள், கல்கி தம் 55ஆம் வயதில் சென்னையில் காலமானார். அப்போது எழுதிவந்த அமரதாரா என்னும் கதை முற்றுப்பெறாமல் நின்றது. அதனை அவருடைய மகள் ஆனந்தி நிறைவு செய்தார். அலை ஓசைக்குச் சாகித்திய அகாதெமியின் பரிசு 1956இல் வழங்கப்பெற்றது. பிற்காலத்தில் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது.

கீழையூர்க் கோயிலின் கல்வெட்டுகள் இன்றும் பழுவேட்டரையர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு அங்குச் செல்வோர் அப்பெயர்களின்முன் சற்று நின்று பார்க்கின்றனர். தேர்வை விட்டுச் சிறை புகுந்த ஓர் இளைஞர், மனிதர் எதனால் மாறுகின்றனர் என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் கூர்ந்து நோக்கியதன் பயன் அது. பிறரை ஒரே நாளில் நல்லவரென்றும் தீயவரென்றும் முடிவு கட்டாமல், அவர்கள் அந்நிலைக்கு வந்த வழியைப் பொறுமையோடு ஆராய்வதே கல்கியின் கதைகள் மாணவர்க்குக் கற்பிக்கும் பண்பாகும்.